ராணுவத்துல எழுதுற வேலை: அறிக்கைக்குள்ள ஒளிஞ்சிருக்குற மனுஷன வெளிய கொண்டு வர்றது எப்படி

ராணுவம்னா துப்பாக்கி, டாங்க், பரேட் இதெல்லாம்தான் நமக்கு ஞாபகம் வரும், ஆனா எழுதுறது, போட்டோ எடுக்குறது, வீடியோ பண்றது இதையே முழுநேர வேலையா பாக்குற சிப்பாய்ங்களும் இருக்காங்க. அமெரிக்காவுல இவங்களுக்குன்னு தனியா ஒரு ஸ்கூலே ஓடுது, மேரிலாந்துல ஃபோர்ட் மீட்னு ஒரு ராணுவ முகாம், அதுக்குள்ள டிஃபென்ஸ் இன்ஃபர்மேஷன் ஸ்கூல், சுருக்கமா டின்ஃபாஸ். 1995ல அங்க வந்துச்சு, அதுக்கு முன்னாடி இண்டியானாவுல இருந்துச்சு. தரைப்படை, கடற்படை, விமானப்படை, மரீன்னு எல்லா படை ஆளுங்களும் ஒரே கிளாஸ்ல உக்காந்து படிக்கிறாங்க. கடற்படைல முன்னாடி எழுதுறவர் தனி, போட்டோகிராஃபர் தனி, பிரிண்டிங் பாக்குறவர் தனி, படம் வரையறவர் தனின்னு இருந்தாங்க, 2006ல எல்லாத்தையும் ஒண்ணா சேர்த்து மாஸ் கம்யூனிகேஷன் ஸ்பெஷலிஸ்ட்னு ஒரே வேலையா ஆக்கிட்டாங்க. ஒரே ஆள் கேமராவையும் தூக்கணும், நோட்டையும் தூக்கணும்.

இவங்களுக்கு நிஜ சம்பவத்த கதை மாதிரி எழுதச் சொல்லிக் குடுக்குறது எப்படின்னுதான் இந்த கட்டுரை. நீங்க ராணுவத்துல இல்லன்னாலும் பரவால்ல, கம்பெனி நியூஸ்லெட்டர் எழுதுறவங்க, அரசாங்க ஆபீஸ்ல பிஆர்ஓ வேலை பாக்குறவங்க, என்ஜிஓ ரிப்போர்ட் எழுதுறவங்க எல்லாருக்கும் இதே தலைவலிதான்.

முதல்ல புதுசா வர்றவங்களுக்கு சொல்லிக் குடுக்குறது தலைகீழ் பிரமிட். யாரு, என்ன, எங்க, எப்போ, ஏன், எல்லாத்தையும் முதல் ரெண்டு வரில கொட்டிடணும், அப்புறம் முக்கியம் குறைய குறைய கீழ போய்க்கிட்டே இருக்கணும். பேப்பர்ல இடம் பத்தலன்னா எடிட்டர் கீழ இருந்து வெட்டிக்கிட்டே வருவாரு, எங்க வெட்டினாலும் செய்தி செத்துப் போகக் கூடாது, அதுக்குத்தான் இந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், நான் கிண்டல் பண்ணல, புயல் வந்து முகாம மூடுறாங்கன்னா அத கதையா எழுதிக்கிட்டு இருக்க முடியாது. ஆனா இந்த வடிவம் ஒண்ணு மட்டுமே கைல இருந்தா எல்லாமே ஒரே மாதிரி வந்து விழும். நான் விளக்கத்துக்காக ஒண்ணு எழுதிக் காட்டுறேன், இது கற்பனைதான்:

"கடந்த வாரம் நடைபெற்ற கூட்டுப் பயிற்சியின்போது பராமரிப்புப் பிரிவினரால் இரண்டு ஹெலிகாப்டர்கள் வெற்றிகரமாகப் பழுதுநீக்கப்பட்டன. எமது வீரர்களின் அர்ப்பணிப்பு பெருமையளிக்கிறது என்று படைப்பிரிவின் தளபதி தெரிவித்தார்."

இத படிச்சுட்டு யாராவது வீட்டுல போய் "டேய் இத கேளேன்"னு சொல்லுவாங்களா? மாட்டாங்க. நம்ம ஊர் கலெக்டர் ஆபீஸ் செய்திக் குறிப்பும் இதே ராகம்தான், "நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டு வருகிறது". யாரு மேற்கொண்டாங்க? தெரியாது. எல்லாம் தானா நடக்குது, ஆளே இல்ல. ஹெலிகாப்டர் பழுதுநீக்கப்பட்டுச்சு, சரி, யாரு நீக்குனாங்க, எத்தன மணிக்கு நீக்குனாங்க, நடுவுல என்ன சொதப்புச்சு?

ஏன் இப்படியே எழுதுறாங்கன்னா அதுக்கும் காரணம் இருக்கு, பயலுக்கு எழுதத் தெரியலன்னு சொல்லிட்டு போயிட முடியாது. எழுதுறவர் ஒரு சார்ஜென்டா இருப்பாரு, அவர் எழுதுனத ஒரு லெஃப்டினென்ட் பாப்பாரு, அப்புறம் மேஜர், அப்புறம் இன்னொருத்தர், ஒவ்வொரு மேஜையிலயும் ஒரு உயிருள்ள வரி போகும், ஒரு செத்த வரி சேரும். தளபதியோட மேற்கோள் கட்டாயம் வேணும்னு எழுதப்படாத சட்டம் வேற. சுருக்கெழுத்து வேற, படைக்குள்ள எல்லாரும் நாலெழுத்து அஞ்செழுத்துலதான் பேசுவாங்க, அத அப்படியே இறக்கி வச்சா வெளிய இருக்குறவனுக்கு ஒண்ணும் புரியாது. இதோட பல வருஷம் பழகிட்டா மனுஷன் யோசிக்கிறதே அறிக்கை மொழிலதான் யோசிப்பான், அதுதான் ஆபத்து.

சரி, கதை மாதிரின்னா என்ன? பெருசா ஒண்ணும் இல்ல. ஒரு ஆளு இருக்கணும், அவருக்கு ஒண்ணு வேணும், அதுக்கு ஒரு தடை வரணும், நேரம் நகரணும், கடைசில ஏதோ ஒண்ணு மாறியிருக்கணும். மேட்ச் முடிஞ்சு ஸ்கோர்கார்ட மட்டும் பாக்குறவனுக்கு யாரு ஜெயிச்சாங்கன்னு தெரியும், கிரவுண்டுக்கு போய்ட்டு வந்தவன்கிட்ட கேட்டாதான் கடைசி ஓவர்ல பவுலர் ரெண்டு தடவ கைய பேன்ட்ல துடைச்சுக்கிட்டான்னு தெரியும். அறிக்கை ஸ்கோர்கார்டு. அதுவும் வேணும், ஆனா அத எவனும் மனசுல வச்சுக்கிறதில்ல.

இதுல ரெண்டு வார்த்தை தெரிஞ்சுக்கிட்டா போதும். ஒண்ணு சீன், இன்னொண்ணு சுருக்கம். "அந்த மாசம் பூரா மழை, பயிற்சி ரெண்டு தடவ தள்ளிப் போச்சு" இது சுருக்கம், ஒரு வரில ஒரு மாசத்த தாண்டிட்டோம். "ராத்திரி ரெண்டு மணி, கார்ப்பரல் முட்டி போட்டு வண்டிக்கு அடில டார்ச் அடிக்கிறாங்க" இது சீன், ஒரு நிமிஷத்துக்குள்ள நாம நிக்கிறோம். நல்ல கட்டுரைல ரெண்டும் மாறி மாறி வரும், எங்க நிக்கணும் எங்க ஓடணும்னு முடிவு பண்றதுதான் எழுதுறவரோட வேலையே. புதுசா எழுதுறவங்க எல்லாத்தையும் ஓடியே கடந்துடுவாங்க, கொஞ்சம் கத்துக்கிட்ட உடனே எல்லா இடத்துலயும் நின்னுடுவாங்க, சாப்பாட்டு கூடத்துல இருந்த சாம்பார் நிறம் வரைக்கும் எழுதுவாங்க. ரெண்டும் தப்புதான்.

இதுக்கு ஒரே ஒரு உதாரணம் எடுத்துக்கோன்னா நான் எர்னி பைலத்தான் எடுப்பேன். அவர் சிப்பாய் இல்ல, இரண்டாம் உலகப் போர்ல அமெரிக்க படைகளோட சுத்துன பத்திரிகைக்காரர், ஸ்க்ரிப்ஸ் ஹோவர்டு பத்திரிகைகளுக்கு எழுதுனாரு, 1944ல பத்திரிகைக்காரங்களுக்குக் குடுக்குற புலிட்சர் விருது வாங்குனாரு, 1945 ஏப்ரல் 18ல ஜப்பான் பக்கம் ஈ ஷிமான்னு ஒரு சின்ன தீவுல குண்டடி பட்டு செத்தாரு. ஜெனரல்கள விட்டுட்டு பள்ளத்துல படுத்திருக்குற சாதா சிப்பாய பத்தி எழுதுனதுதான் அவர் ஸ்பெஷாலிட்டி, பேரு, ஊரு எல்லாம் போட்டு எழுதுவாரு, ஊர்ல அம்மா படிச்சா நம்ம புள்ளன்னு தெரியணும்ல. சண்டைல நிக்கிறவனுக்கு கூடுதல் சம்பளம் குடுக்கணும்னு அவர் எழுதப்போய் 1944ல அமெரிக்க காங்கிரஸ் அதுக்கு சட்டமே போட்டுச்சு, எர்னி பைல் மசோதான்னே பேரு வந்துடுச்சு.

அவர் எழுதுனதுல ரொம்ப பேசப்படுறது கேப்டன் ஹென்றி வாஸ்கோவோட சாவு பத்தினது. 1943 டிசம்பர், இத்தாலி, சான் பியத்ரோங்கற ஊர் பக்கத்துல மலைச் சண்டை. வாஸ்கோ டெக்சாஸ்காரர், வயசு 25, கம்பெனின்னு சொல்ற ஒரு படைப்பிரிவுக்கு கமாண்டர். டிசம்பர் 14ல செத்தாரு, கட்டுரை வந்தது 1944 ஜனவரி 10ல. இப்ப அறிக்கையா எழுதியிருந்தா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க, வீரமரணம், அஞ்சா நெஞ்சம், ஈடு செய்ய முடியாத இழப்பு. பைல் இதுல ஒண்ணையும் தொடல. இந்த கேப்டன் அளவுக்கு பசங்க உயிரா நெனச்ச ஆள நான் பாத்ததில்லன்னு ஆரம்பத்துல சொல்லிட்டு, ஒரு சார்ஜென்ட் எங்க அப்பாவுக்கு அப்புறம் இவர்தான்னு சொன்னத ஒரு வரில போட்டுட்டு, நேரா மலை அடிவாரத்துக்கு போயிடுறாரு. நிலா வெளிச்சம். கோவேறு கழுதைங்க முதுகுல பொணத்த கட்டி ராத்திரில மலைல இருந்து இறக்கிட்டு வர்றாங்க. இறக்கி ஒரு குட்டைச் சுவர் பக்கத்துல வரிசையா படுக்க வைக்கிறாங்க. கேப்டன் வந்துட்டாருன்னு தெரிஞ்சதும் பசங்க ஒவ்வொருத்தரா வர்றாங்க. ஒருத்தன் கெட்ட வார்த்தைல திட்டிட்டு போறான். இன்னொருத்தர் உயிரோட இருக்குறவர்கிட்ட பேசுற மாதிரி சாரிப்பான்னு சொல்றாரு, அடுத்து வந்த சிப்பாய் சாரி சார்னு சொல்றான். கடைசியா ஒருத்தன் குத்த வச்சு உக்காந்து செத்தவர் கைய எடுத்து தன் கைல வச்சுக்கிட்டு அஞ்சு நிமிஷம் மூஞ்சிய பாத்துக்கிட்டே இருக்கான், ஒரு வார்த்தை பேசல, அப்புறம் கைய கீழ வச்சுட்டு அவர் சட்டைக் காலரோட நுனிய நேராக்கி விடுறான், காயத்த சுத்தி கிழிஞ்சு கெடந்த துணிய சரி பண்றான், எழுந்து தனியா நடந்து போயிடுறான்.

அந்த காலர்தான் விஷயம். அத கற்பனை பண்ண முடியாது. எவ்வளவு பெரிய எழுத்தாளரா இருந்தாலும் ரூமுக்குள்ள உக்காந்து எழுதுனா கண்ணீர்தான் வரும், காலர் வராது. காலர் வேணும்னா அங்க நிக்கணும், பாக்கணும், பாத்தத எழுதி வச்சுக்கணும். இன்னொண்ணு கவனிங்க, பைல் அந்த பையன் மனசுல என்ன ஓடுச்சுன்னு ஒரு வரி கூட எழுதல, அவன் கை என்ன பண்ணுச்சுன்னு மட்டும் எழுதுனாரு, சோகத்த நம்மகிட்ட விட்டுட்டாரு.

அதனால கிளாஸ்ல நான் சொல்ல விரும்புறது இந்த ஒரு விஷயத்தத்தான்: கதை மாதிரி எழுதுறதுங்கறது எழுதுற நேரத்துல நடக்குற வேலையே இல்ல, அது செய்தி சேகரிக்கிற நேரத்துலயே முடிஞ்சுடுது. நோட்டுல காலர் இல்லன்னா கட்டுரைல காலர் வராது, அந்த ஓட்டைய அடைக்கத்தான் ஆளுங்க "அயராத உழைப்பு", "அசைக்க முடியாத உறுதி"ன்னு அலங்காரத்த கொண்டு வந்து கொட்டுறாங்க.

நோட்டு நெறைய வேணும்னா கேள்வி மாறணும். "எப்படி ஃபீல் பண்ணீங்க?"ன்னு ஒரு சிப்பாய கேட்டா "என் கடமைய செஞ்சேன் சார்"னு விறைப்பா பதில் வரும், அதுக்கு மேல ஒரு அணு நகராது. யூனிஃபார்ம்ல இருக்குற ஆளு யூனிஃபார்ம்ல இருக்குற இன்னொரு ஆளுகிட்ட பேசும்போது ரேங்க் நடுவுல வந்து உக்காந்துக்கும், கீழ இருக்குறவர் பயந்து பேசுவாரு, மேல இருக்குறவர் மேடைல பேசுற மாதிரி பேசுவாரு. இத உடைக்க நல்ல வழி நேர வரிசைல கேக்குறது. அன்னிக்கு காலைல எழுந்ததும் முதல்ல என்ன பண்ணீங்க, அப்புறம், அப்போ யாரு பக்கத்துல இருந்தாங்க, அவர் என்ன சொன்னாரு, கைல என்ன வச்சிருந்தீங்க, எப்போ இது சரியா வராதுன்னு தோணுச்சு. கடைசி கேள்விதான் தங்கம். அதோட முடிஞ்சா அவர் வேலை பாக்குற இடத்துலயே வச்சு பேசுங்க, ஆபீஸ் ரூம்ல ஏசி போட்டு உக்கார வைக்காதீங்க, பொருள தொட்டுக்கிட்டு பேசும்போது ஆளுக்கு ஞாபகம் தானா வரும்.

இப்ப அந்த ஹெலிகாப்டர் அறிக்கைக்கே வருவோம். கேள்விய மாத்தி கேட்டா என்ன கிடைக்கலாம்? விமானப் பராமரிப்புல நிஜமாவே ஒரு கடுமையான விதி இருக்கு, டூல் பெட்டில ஒவ்வொரு கருவிக்கும் அதோட வடிவத்துலயே ஒரு குழி வெட்டியிருப்பாங்க, வேலை முடிஞ்சதும் குழி காலியா இருந்தா ஒரு கருவி எங்கயோ விட்டுப் போச்சுன்னு அர்த்தம், எஞ்சினுக்குள்ளயோ கண்ட்ரோல் கம்பிங்களுக்கு நடுவுலயோ கெடந்தா ஆளுங்க சாவாங்க, அதனால அது கிடைக்கிற வரைக்கும் அந்த இயந்திரம் பறக்கக் கூடாது. நம்ம கற்பனை கார்ப்பரலுக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு வேலை முடிஞ்சுது, பெட்டிய மூடப் போறாங்க, நட்டு கழட்டுற பத்து மில்லிமீட்டர் சாக்கெட் இருக்க வேண்டிய குழி காலி. ஆறு மணிக்கு ஹெலிகாப்டர் கிளம்பணும். இப்ப பாருங்க, ஆளு வந்தாச்சு, அவங்களுக்கு வேண்டியது வந்தாச்சு, தடை வந்தாச்சு, கடிகாரம் ஓடுது. அதே அறிக்கைக்குள்ள இவ்வளவும் ஒளிஞ்சுக்கிட்டு இருந்துச்சு, "வெற்றிகரமாக"ங்கற ஒரே வார்த்தை அத மூடி வச்சிருந்துச்சு.

எழுதும்போது அந்த காலி குழில ஆரம்பிக்கலாம். ஆரம்பிச்சு மூணு நாலு பத்தி அவங்க தேடுறத காட்டிட்டு, வாசகர் "சரி, இதெல்லாம் எதுக்கு சொல்ற"ன்னு கேக்குற நேரத்துல ஒரு பத்தி நிறுத்தி விளக்கணும், இது என்ன பயிற்சி, எத்தன ஹெலிகாப்டர், இந்த விதி ஏன் வந்துச்சுன்னு. பத்திரிகைக்காரங்க இத நட் கிராஃப்னு சொல்லுவாங்க. அறிக்கைல முதல் வரில இருந்ததெல்லாம் இங்க வந்து உக்காரும், தளபதி சொன்னதையும் இங்க வைக்கலாம், அவரும் சந்தோஷம், நாமளும் சந்தோஷம். அப்புறம் மறுபடி ஹேங்கருக்கு, அதாவது ஹெலிகாப்டர் நிக்கிற கொட்டகைக்கு போயிடணும். சாக்கெட் கிடைச்சுதா இல்லையாங்கறத மட்டும் முன்னாடியே சொல்லிடாதீங்க.

இது கற்பனைன்னு நான் ரெண்டு தடவ சொன்னதுக்கு காரணம் இருக்கு. நான் விளக்கத்துக்காக ஒரு சாக்கெட்ட தொலைச்சேன், நிஜ வேலைல ஒரு ஸ்க்ரூவ கூட அப்படி தொலைக்க முடியாது. ராணுவத்துல கதை சொல்ற ஆசை உண்மைய தாண்டி ஓடுனா என்ன ஆகும்னு ரெண்டு சம்பவம் எல்லாருக்கும் தெரிஞ்ச மாதிரியே நடந்துச்சு. 2003 மார்ச் 23ல ஈராக்ல நாசிரியால ஒரு பராமரிப்பு கம்பெனியோட வண்டிங்க வழி தப்பி போய் மாட்டிக்கிச்சு, அதுல இருந்த ஜெசிகா லிஞ்சுக்கு வயசு 19, சப்ளை கிளார்க். பேரு சொல்லாத அதிகாரிங்க சொன்னதா வந்த முதல் செய்திகள்ல அந்த பொண்ணு தோட்டா தீர்ற வரைக்கும் சுட்டு சண்டை போட்டுச்சுன்னு போட்டாங்க, உலகம் பூரா பரவுச்சு. நிஜத்துல வண்டி மோதி அடிபட்டுச்சு, துப்பாக்கி ஜாம் ஆயிடுச்சு, ஒரு தோட்டா கூட சுடல. அத அந்த பொண்ணே பின்னாடி வாய தொறந்து சொன்னாங்க.

அடுத்த வருஷம் பேட் டில்மன். அமெரிக்கன் ஃபுட்பால்ல கோடிக்கணக்குல வந்த காண்ட்ராக்ட விட்டுட்டு 2002ல படைல சேர்ந்தவரு, 2004 ஏப்ரல் 22ல ஆப்கானிஸ்தான்ல செத்தாரு. எதிரி சுட்டதுன்னு சொன்னாங்க, சில்வர் ஸ்டார்னு வீரப் பதக்கம் குடுத்தாங்க, டிவில அஞ்சலிக் கூட்டம் நடந்துச்சு, அப்புறம் சுமார் அஞ்சு வாரம் கழிச்சுதான் குடும்பத்துக்கு சொன்னாங்க, சொந்த படைக்காரங்க குண்டு பட்டுத்தான் செத்தாருன்னு. 2007 ஏப்ரல் 24ல அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னாடி டில்மனோட தம்பியும் லிஞ்சும் ஒரே நாள்ல சாட்சி சொன்னாங்க. தன்ன பத்தி சினிமா ராம்போ கணக்கா ஒரு கதைய கட்டிவிட்டாங்க, அது பொய்யின்னு லிஞ்ச் அங்கயும் சொன்னாங்க. நல்லா எழுதத் தெரிஞ்சவன் பொய் சொன்னா அது ரொம்ப நாள் நிக்கும், அதனாலதான் இவங்களுக்கு இந்த வித்தைய சொல்லிக் குடுக்கும்போது இந்த ரெண்டு பேர் பேரையும் முதல் நாளே போர்டுல எழுதணும்னு நான் நெனைக்கிறேன்.

விதி சிம்பிள். நடக்காதத சேர்க்கக் கூடாது. ரெண்டு பேர ஒண்ணாக்கி ஒரு ஆளா காட்டக் கூடாது. கேக்காத வசனத்த மேற்கோள் குறிக்குள்ள வைக்கக் கூடாது, ஒருத்தர் ஞாபகத்துல இருந்து சொன்னா "அவர் ஞாபகப்படி"ன்னு எழுதணும், ரெண்டு பேர் ரெண்டு விதமா சொன்னா ரெண்டையும் எழுதிடலாம், வாசகர் ஒண்ணும் முட்டாள் இல்ல. சிலத எழுதாம விடுறது வேற விஷயம். ராணுவத்துல விட்டுத்தான் ஆகணும், எந்த யூனிட் எங்க இருக்கு, எத்தன பேரு, எப்போ நகருவாங்க இதெல்லாம் போட்டா ஆளு செத்துடுவான். வெளியிடுறதுக்கு முன்னாடி நாலு விஷயம் பாப்பாங்க: பாதுகாப்பு, துல்லியம், கொள்கை, கண்ணியம். அமெரிக்க படைல இந்த நாலுக்கும் முதலெழுத்த சேர்த்து சாப்னு ஒரு சுருக்கப்பேர் வச்சிருக்காங்க. புதுசா வர்றவங்க இத பாத்துட்டு அப்போ விவரமே எழுத முடியாது போலன்னு பயந்துடுறாங்க, அப்படி இல்ல. ஹேங்கர் எந்த ஊர்லன்னு சொல்ல வேண்டாம், டார்ச்ச பல்லுல கடிச்சுக்கிட்டு தேடுனாங்கன்னு சொல்லலாம். கழுதையும் காலரும் எந்த எதிரிக்கும் உதவல பாருங்க.

மேல இருக்குறவர் "சாக்கெட் தொலைஞ்சது வெளிய தெரியணுமா?"ன்னு கேப்பாரு, கண்டிப்பா கேப்பாரு. அவர்கிட்ட இலக்கியம் பேசி பிரயோஜனம் இல்ல. சார், ஒரு சின்ன சாக்கெட்டுக்காக ஒரு ஹெலிகாப்டரையே நிறுத்தி வைக்கிற படைன்னு தெரிஞ்சா, அதுல பறக்குற பசங்களோட அம்மா அப்பா நிம்மதியா தூங்குவாங்க, இப்படி சொல்லிப் பாருங்க. சில நேரம் ஒத்துக்குவாரு, சில நேரம் பேனாவ எடுத்து அடிச்சுடுவாரு. அடிச்சா அடிச்சதுதான், சம்பளம் குடுக்குறது அவங்க. இந்த எல்லைய மறைக்கக் கூடாது, படைல இருந்துக்கிட்டு எழுதுறவர் படையோட தப்ப தோண்டி எடுக்கப் போறதில்ல, அதுக்கு வெளிய இருக்குற பத்திரிகை வேணும். நடுவுல ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ் மாதிரி ஒரு விசித்திரமும் இருக்கு, பாதுகாப்புத் துறைக்குள்ளயே இருந்துக்கிட்டு பல வருஷமா சுதந்திரமா எழுதுற உரிமையோட ஓடி வந்த பேப்பர், 1861ல உள்நாட்டுப் போர் நேரத்துல மிசௌரில சிப்பாய்ங்க ஆரம்பிச்ச பேரு அது.

இந்த மாதிரி எழுத்தாள சிப்பாய் புதுசும் இல்ல. 1942ல அமெரிக்க மரீன் படைல ராபர்ட் டெனிக்னு ஒரு பிரிகேடியர் ஜெனரல் பத்திரிகை ஆபீஸ்ங்கள்ல இருந்து ரிப்போர்ட்டர்கள புடிச்சு, முதல்ல சண்டைப் பயிற்சி குடுத்து, அப்புறம் டைப்ரைட்டரோட பசிபிக் தீவுகளுக்கு அனுப்பினாரு. சாதா சிப்பாய பத்தி அவன் ஊர் பேப்பருக்கு எழுதி அனுப்புறதுதான் அவங்க முக்கிய வேலை, அதுக்கு ஜோ ப்ளோ கதைன்னு பேரு, நம்ம ஊர் கணக்குல குப்பன் சுப்பன் கதை. நம்ம பக்கம் 1909ல அலகாபாத்ல ஃபவுஜி அக்பார்னு ஆரம்பிச்ச ராணுவப் பத்திரிகை 1954ல சைனிக் சமாச்சார் ஆச்சு, 13 மொழில வருது, தமிழும் உண்டு, நெறைய பேருக்கு இது தெரியாது.

பழகணும்னா படைல சேரத் தேவையில்ல. உங்க ஆபீஸ்லயோ தெருவுலயோ கையால வேலை பாக்குற ஒருத்தர்கிட்ட அனுமதி கேட்டு அரை மணி நேரம் பக்கத்துல உக்காருங்க. கண்ணால பாத்தது காதால கேட்டது மட்டும் நோட்டுல வரட்டும், "கடின உழைப்பாளி" மாதிரி ஒரு வார்த்தை கூட வேண்டாம். அப்புறம் மட்டும் பேசுங்க, இந்த வேலைல எப்போ கை நடுங்குச்சுன்னு கேளுங்க. வீட்டுக்கு வந்து ஒரு பக்கம் எழுதி, சம்பந்தமே இல்லாத ஒருத்தர்கிட்ட படிக்கக் குடுங்க, அவர் கேக்குற முதல் கேள்விக்கு உங்க நோட்டுல பதில் இருக்காது. அதுக்காக மறுபடி போகணும், போன்ல கேட்டு முடிச்சுடலாம்னு தோணும், அப்படி பண்ணாதீங்க, நேர்ல போனா போன தடவ கண்ணுல படாத ரெண்டு விஷயம் இந்த தடவ படும்.